61 கார்டு, ஒரு நோட்டு: செட்டிநாட்டில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஒரு பெரியவர் தன் மஞ்சப்பையை என் மடியில் வைத்தார். "செத்த வச்சிருங்க தாயி." மேலூரில் அவருக்கு இடம் கிடைத்தது. பையை அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. திருப்பத்தூரில் இறங்கும்போதுதான் வாங்கிக்கொண்டார். உள்ளே இரண்டு தேங்காய். தபால் ஆபீஸ் கவுண்டரில் 31 வருஷம் உட்கார்ந்தவள் நான். யார் எதை நீட்டினாலும் கை தானாக வாங்கிவிடும்.

திருநெல்வேலியில் விடியற்காலையே கிளம்பியாயிற்று. வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். "அறுபத்திரண்டு வயசுல பேனா நண்பரைப் பாக்கப் போறவ ஊர்ல நீ ஒருத்திதான்" என்று சிரித்தார். கேலிதான். ஆனால் வழிச்செலவுக்கு என்று பர்ஸில் ஆயிரம் ரூபாய் வைத்ததும் அவர்தான்.

கதை இதுதான். நாலு வருஷம் முன்னால், 200 பிரதி அடிக்கிற ஒரு சிற்றிதழில் என் சிறுகதை வந்தது. மணியார்டரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி. அதற்கு முன் அந்தக் கதை ஒரு வாரப் பத்திரிகையில் பதினாலு மாதம் பதிலில்லாமல் கிடந்தது. பயிலரங்கு ஒன்றில் வாசித்துக் காட்டினேன். நடத்தியவர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "மேலே முயற்சி செய்யுங்கள்" என்றார். அச்சில் வந்த பிறகு வீட்டில் யாரும் படிக்கவில்லை. கூட வேலை பார்த்த ஒருவர் மட்டும் படித்துவிட்டு, "டிபார்ட்மென்ட்டைப் பத்தி எழுதப் பர்மிஷன் வாங்கினீங்களா மேடம்?" என்று கேட்டார். அது ஒன்றுதான் விமர்சனம்.

பிறகு முன்பின் தெரியாத ஒரு செட்டிநாட்டு ஆச்சியிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. மணிமணியான எழுத்து, வாத்தியார் எழுத்து. "அம்மா, மூன்றாம் பக்கத்தில் முத்திரை குத்துகிற சத்தம் காதில் கேட்கிறது. ஐந்தாம் பக்கத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாள்? எழுதியிருந்தால் அனுப்பவும்."

தூக்கம் வந்ததாம். அதைச் சொல்ல 50 காசு செலவு பண்ணி ஒரு கார்டு. இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் ஐந்தாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் தூக்கம் வந்தது. அன்றைக்கே பதில் போட்டேன்.

இதுவரை அந்த ஆச்சியிடமிருந்து 61 கார்டு. கவுண்டர் புத்தி விடாது, கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 30 ரூபாய் 50 காசு. அந்த முப்பது ரூபாய்க்கு நான் எழுதியது பதினேழு கதை.

இந்தத் தையில் வந்த கார்டில், "எண்பது ஆகிறது. வலது கண் சரியில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு தடவை வந்து நீங்களே வாசித்துவிட்டுப் போங்கள்" என்றிருந்தது. வந்துவிட்டேன்.

ஊர் கோட்டையூருக்குப் பக்கம். பெயர் போடக் கூடாது என்பது ஆச்சியின் கட்டளை. காரைக்குடியில் இறங்கி டவுன் பஸ். முகப்பில் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, நடுவில் வானம் தெரியும் வளவு, சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு அறை. ஒன்றைத் தவிர எல்லாம் பூட்டு. "வாங்க, வாங்க. பஸ்ஸுல ஒக்காரக் கெடச்சுதா?" என்று வந்தவர் நான் நினைத்திருந்ததைவிட அரை அடி குள்ளம். கார்டில் பார்த்தால் ஆறடி இருப்பார் என்று தோன்றும்.

ராத்திரிக்கு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும். ஆறு சாப்பிட்டேன். எட்டு என்று ஆச்சி சொல்கிறார்.

இரண்டாம் நாள், வெள்ளி

நேற்று எழுதியதை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு திருத்தம். சுற்றிலும் இருப்பவை அறை இல்லையாம். "வீடு. ஒவ்வொண்ணும் ஒரு வீடுதேன்." கல்யாணம் ஆன ஒரு ஜோடி ஒரு புள்ளி. ஊர்க் கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். புள்ளிக்கு ஒரு வீடு, மற்றபடி வளவும் முகப்பும் எல்லாருக்கும் பொது. பூட்டின வீட்டுச் சாவிகள் இப்போது சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்து திறப்பார்கள்.

காலையில் கோட்டையூர்த் தெருக்களில் நடந்தேன். வள்ளல் அழகப்பர் பிறந்த ஊர். எனக்கு இங்கே முக்கியம் வேறு இரண்டு பேர். ஒருவர் ஏ.கே. செட்டியார். 1911இல் இங்கே பிறந்து, உலகம் சுற்றி, காந்தியைப் பற்றிப் படம் எடுத்து, 'குமரி மலர்' இதழ் நடத்தியவர். பயணக் கட்டுரை எழுதுகிற யாரும் இந்த ஊரில் கொஞ்சம் அடக்கமாகத்தான் நடக்க வேண்டும். இன்னொருவர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1950 வாக்கில் பழைய புத்தகம் சேர்க்க ஆரம்பித்து, 1980களில் ஐம்பதாயிரம் புத்தகமும் அதே அளவு இதழ்களும் வைத்திருந்தார். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, எதையும் தள்ளவில்லை. அவர் 1992இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. நல்லவேளை அமெரிக்காவுக்குக் கப்பலேறவில்லை. சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கிறது. போர்டு எழுதிச் சம்பாதித்த காசில் ஒரு மனிதர் அடுத்தவர்கள் எழுதியதையெல்லாம் வாங்கி வைத்திருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு என் வீட்டுப் பரண் ஞாபகம் வருகிறது, அதில் நான் எடைக்குப் போட்டதும்.

மத்தியானம் காரைக்குடி. இந்து மதாபிமான சங்கம் 1917இல் ஆரம்பித்தது. ராய. சொக்கலிங்கம், சொ. முருகப்பா போன்ற இளைஞர்கள் கூடிப் படித்துப் பேசிய இடம். 1919இல் பாரதி இங்கே வந்தார். கையில் தடியோடு நிற்கும் அந்தப் படம், நம் வீட்டுக் காலண்டரிலெல்லாம் பார்க்கிறோமே, அது அப்போது காரைக்குடியில் எடுத்தது. கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் செட்டியாரின் விருந்தாளியாகத் தங்கியிருந்த சமயம். கடையத்தில் கிட்டத்தட்ட ஒதுக்கி வைத்ததுபோல் இருந்த மனிதரைப் பையன்கள் சேர்ந்து கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். சங்கத்தின்மேல் அவர் ஒரு பாட்டே பாடிவிட்டார். அடுத்த வருஷம் தன் எழுத்தை 40 பாகமாக, பாகத்துக்குப் பத்தாயிரம் பிரதி அச்சடிக்கக் கடன் கேட்டு ஊருக்கெல்லாம் எழுதினார். அது நடக்கவில்லை. பத்தாயிரம் பிரதி என்று யோசிக்கிற தைரியம் அந்த மனுஷனுக்கு எங்கேயிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டே படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் தண்ணீர் வேணுமா என்று கேட்டார்.

கம்பன் மணிமண்டபம், தமிழ்த்தாய் கோயில் இரண்டும் பார்த்தேன். சா. கணேசன் 1939இல் கம்பன் விழா ஆரம்பித்தபோது தலைமை தாங்கியவர் எங்கள் ஊர் ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் உட்கார்ந்து ஒரு பாட்டை ராத்திரி வரை ருசிப்பார்களாம். அந்த ருசி பஸ் ஏறிக் காரைக்குடிக்கு வந்துவிட்டது என்று எனக்கு ஒரு ஊர்ப் பெருமை. ஆச்சியிடம் சொன்னேன். "ருசி உங்க ஊரு, மணி எங்க ஊரு" என்றார். சா. கணேசன் காலத்தில் அஞ்சரை என்றால் அஞ்சரைக்குக் கடவுள் வாழ்த்து, கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைச் சொல்லாமல் விட முடியாது. எனாமல் வாளி, பர்மாத் தேக்குக் கதவு, ரவிவர்மா படம், வெற்றிலைப் பெட்டி. ஒரு கடையில் பிஸ்கட் டின் நிறையப் பழைய கடிதங்கள். மேலே இருந்த கார்டை எடுத்தேன். ஆறாம் ஜார்ஜ் ஸ்டாம்பு, பினாங்கு முத்திரை. முத்திரையின் கீழ்ப் பாதி மை வாங்காமல் வெள்ளையாக இருந்தது. அவசரத்தில் கையைச் சாய்த்துக் குத்தினால் அப்படித்தான் விழும். அந்த ஆளின் கையை எனக்குத் தெரியும். மேலே பிள்ளையார் சுழி, 'சிவமயம்'. பிறகு "சுகம். சுகத்துக்கு எழுதவும்." விலை 80 ரூபாய். முகவரிக்காரரைத் தவிர யாரும் கார்டைப் படிக்கக் கூடாது என்று 31 வருஷம் இருந்துவிட்டேன் (எல்லாரும் படிப்போம், அது வேறு). திரும்ப டின்னில் வைத்துவிட்டேன்.

ராத்திரி ஆச்சி அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய ஐயா (தாத்தா) ரங்கூனில் வட்டிக்கடை. மூன்று வருஷம் போய் இருந்துவிட்டு வருவார்கள், அதுவரைக்கும் கடிதாசுதான். அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. ரங்கூன் தபால் வந்தால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வளவில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார்களாம். அவருக்கு வந்த கடிதாசுதான், ஆனாலும் பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லாரும் தூணோரம் வந்து உட்காருவார்கள். ஒரே கடிதத்தை மூன்று தடவை, நான்கு தடவை. கடிதத்தில் இல்லாததைக்கூட அப்பத்தா கேட்பாராம். "இருமல் எப்பிடி இருக்குன்னு எழுதலையே, என்னவோ மறைக்கிறாக."

"ஒரு டிரங்குப் பெட்டி நெறைய இருந்துச்சு" என்றார் ஆச்சி. "வீடு வெள்ளையடிக்கிறப்ப எடைக்குப் போட்டது நான்தேன். அப்ப நான் டீச்சர். படிச்சவ."

மூன்றாம் நாள், சனி

இன்றைக்குத்தான் கூட்டம். மூன்று மணிக்கு என்றார்கள், மூன்றுக்கு ஆரம்பித்தது.

வளவில் ஜமுக்காளம். பதினோரு பேர். தூக்கம் போடுவதற்கென்றே வரும் ஆச்சியின் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி). மருந்துக் கடையில் நிற்கும் ஒரு பெண். காரைக்குடிப் பிரஸ் ஒன்றில் முப்பது வருஷம் ஈய எழுத்துக் கோத்த கம்போஸிட்டர் அண்ணன், கூட்டத்தில் ஒரே ஆண். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகும் ஒரு அக்கா, இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேய்க் கதை மட்டும் எழுதும் ஒரு காலேஜ் பிள்ளை. மற்றவர்கள் பெரும்பாலும் டீச்சரிடம் படித்த பிள்ளைகள், இப்போது பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

சட்டதிட்டம் இரண்டே இரண்டு. ஒன்று, யாரும் "அருமை", "சூப்பர்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஒரு ரூபாய் அபராதம். அந்த எனாமல் டப்பாவில் சேர்ந்த காசில்தான் ஆளுக்கொரு தபால் கார்டுக் கட்டு வாங்குகிறார்கள். என் 61 கார்டும் யாரோ வாய் தவறிப் பாராட்டியதால் வந்தவை!

இரண்டாவதுதான் விஷயம். நடுவில் ஒரு பல்லாங்குழிப் பலகை. பழசு, ஓரமெல்லாம் கை பட்டு வழவழப்பு. ஆளுக்கொரு குழி. எல்லார் கையிலும் ஐந்து புளியங்கொட்டை. வாசிப்பவர் வாசித்துக்கொண்டே போக வேண்டும். கேட்பவருக்கு மனசு எங்கேயாவது அலைந்தால், அடுப்பில் பால் வைத்தோமா என்று நினைப்பு போனால், ஒரு கொட்டையை எடுத்துத் தன் குழியில் போட வேண்டும். அவ்வளவுதான். காரணம் சொல்ல வேண்டாம்.

படிக்க வேடிக்கையாக இருக்கும். நீங்கள் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள்.

முதலில் காலேஜ் பிள்ளையின் பேய் வந்தது. கிணற்றடியில் ஒரே ஒரு டொக். பிறகு நான். புதிதாக எதுவும் வேண்டாம், அந்த மணியார்டர்க் கதையைத்தான் வாசிக்க வேண்டும் என்று ஆச்சி முன்பே சொல்லியிருந்தார். நாலு வருஷத்தில் ஐந்தாம் பக்கத்தை ஏழு தடவை திருத்தியிருக்கிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் பக்கம் நிசப்தம். இரண்டாம் பக்கம் நிசப்தம். சரி, கரையேறிவிட்டோம் என்று நினைத்தேன். நான்காம் பக்கத்தில், அந்தப் பெண் மழையைப் பார்த்துக்கொண்டு தன் வாழ்க்கையை நினைக்கும் இடம், என் மனசுக்கு மிகவும் பிடித்த பத்தி. டொக். டொக் டொக். பிறகு மழை வலுத்ததுபோல. அண்ணமிண்டி மட்டும் போடவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்.

காது சூடாகிவிட்டது. அந்தப் பயிலரங்குக் கைக்கடிகாரம் கண் முன்னால் வந்தது. ஆனால் வாசித்து முடித்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. கம்போஸிட்டர் அண்ணன்தான் முதலில் பேசினார். "மழை எடத்துல ஒரு வாக்கியம் ரொம்ப நீளம். ஈயம் கோத்தா ரெண்டு ஸ்டிக் போயிரும். கை வலிச்சிரும். எங்க கை வலிக்குதோ அங்க உடைச்சிருங்க." (ஸ்டிக் என்றால் எழுத்தைக் கோக்கும் கைத்தட்டு.) மருந்துக் கடைப் பெண், "அந்தம்மா மழையைப் பாக்குறப்ப எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்திருச்சு, அதான் போட்டேன். கத போரடிச்சு இல்லை" என்றார். மனசு அலைந்ததா, இல்லை கதைதான் அங்கே கூட்டிக்கொண்டு போனதா? அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று கால் மணி நேரம் சண்டை. ஆச்சி தீர்ப்புச் சொன்னார்: "கொட்டையைத் திரும்ப எடுத்துக்க ஆத்தா."

சமையல்கார அக்கா கடைசி வரை வாய் திறக்கவில்லை. பலகாரத் தட்டு வந்த பிறகு (கும்மாயம், சீப்புச் சீடை; இந்த இரண்டுக்கும் யாரும் அருமை சொல்லலாம், அபராதம் கிடையாது) என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆமா, மணியாடரு வந்துச்சுல்ல. வந்த அன்னைக்கு அந்தப் பொம்பள என்ன சமைச்சா?"

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. கவுண்டரில் நான் பார்த்ததெல்லாம் பணம் அனுப்புகிறவர்களை. கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஹோட்டலில் மேஜை துடைப்பவர்கள். எழுதத் தெரியாது, பாரத்தை என்னிடம்தான் நீட்டுவார்கள். பாரத்தின் கீழே செய்திக்கு என்று துண்டு இடம் இருக்கும், நாலு வரி தேறாது. "நல்லா இருக்கேன்னு போடுங்க. அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்க. சின்னவளுக்குக் கொலுசு... இன்னும் எடம் இருக்கா தாயி?" அநேகமாக இருக்காது. அந்தப் பாரம் போய்ச் சேரும் வாசலை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்காத வாசலில்தான் ஒரு பெண்ணை உட்கார வைத்து மழையைப் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

ராத்திரி ஆச்சி நோட்டை எடுத்துக் கொடுத்தார். நீளவாக்கில் திறக்கும் பழைய பேரேட்டு நோட்டு. வாரத்துக்கு ஒருவர் வீட்டுக்குப் போகும், எழுதி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்சலில் வரும். இதுவரை வந்த நோட்டுகளில் என் பக்கத்தைத்தான் அவசரமாகத் தேடுவேன். இன்றைக்குப் பழைய நோட்டு ஒன்றைப் பொறுமையாகப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் மருந்துக் கடைப் பெண்ணின் எழுத்தில் ஒரே வரி: "இந்த வாரம் எழுத ஒன்றும் இல்லை." தேதி இருந்தது. அவர் அம்மா இறந்த வாரம் என்று ஆச்சி சொன்னார். அடுத்த பக்கத்தில் கம்போஸிட்டர் அண்ணன்: "எனக்கும் இல்லை." அதற்கடுத்த பக்கம் பேய்ப் பிள்ளை: "எனக்கும் இல்லை." இப்படியே ஒன்பது பக்கம். ஒவ்வொன்றிலும் ஒரு வரி, மிச்சம் வெள்ளைத் தாள். சமையல்கார அக்காவின் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.

அது என்னிடமும் வந்திருக்கிறது. பத்தாவது பக்கத்தில் நான் எழுதியிருந்தேன், இரண்டரைப் பக்கத்துக்கு, என் ரிட்டயர்மென்ட் விழாவைப் பற்றி. யாரும் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

நான்காம் நாள், ஞாயிறு

சுருக்கமாக எழுதுகிறேன், கை ஓடவில்லை.

சிவகங்கை போய் நாட்டரசன்கோட்டை. செவ்வாய்ப் பொங்கல் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கண்ணாத்தாள் கோயில் முன்னால் வரிசை வரிசையாக அடுப்பு மூட்டிய கரி இன்னும் மண்ணில் தெரிந்தது. கம்பர் கடைசிக் காலத்தில் வந்து அடங்கிய இடம் இது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பங்குனி அத்தத்தன்று கம்பன் விழாவின் கடைசி நாள் இங்கேதான் நடக்கும். மற்ற நாளில் ஆளரவம் இல்லை. சமாதி மண்ணைக் குழந்தைகள் நாக்கில் தடவினால் வாக்கு வரும் என்று நம்பிக்கை. ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள். குழந்தை மண்ணைத் துப்பிவிட்டு வீறிட்டது. "வாக்கு வந்திருச்சு" என்றார் தகப்பன்.

ஆச்சி கிளம்பும்போதே, "எனக்கும் ஒரு பொட்டலம் கொண்டாங்க" என்று சொல்லியிருந்தார். எண்பது வயதில் எதற்கு என்று கேட்டேன். "இன்னும் சொல்ல வேண்டியது கெடக்குல்ல?"

பஸ் டிக்கெட்டில் மடித்துக் கொண்டுவந்தேன். வரும் வழியில் ஒரு பஸ் பிரேக்டவுன், ஒன்றேகால் மணி நேரம் புளியமரத்தடி. கீழே கிடந்த ஒரு பழத்தை உடைத்துப் பார்த்தேன், கொட்டை ஐந்து இருந்தது.

சாயங்காலம் ஆச்சியிடம் அந்தப் பத்தாவது பக்கத்தைப் பற்றிக் கேட்டேவிட்டேன். ஏன் என்னிடம் அப்போது சொல்லவில்லை?

"ஒங்களுக்கு விஷயம் தெரியாதுல்ல. அந்த மருந்துக் கடைப் பிள்ளதேன் அதை மொதல்ல படிச்சுச்சு. மாலையப் போட்டு நிக்க வச்சு சோப்பு டப்பா குடுத்தாகன்னு எழுதியிருந்தீகளே, அதுக்குச் சிரிச்சிருச்சு. அம்மா போனப்புறம் மொதத் தடவை."

அந்த விழாவில் எனக்குக் கிடைத்தது சோப்பு டப்பா இல்லை, ஸ்டீல் டிபன் கேரியர். கதைக்காக மாற்றியிருந்தேன்.

ஐந்தாம் நாள், திங்கள்

மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். கானாடுகாத்தான் அரண்மனை, மகிபாலன்பட்டி, ஒன்றும் பார்க்கவில்லை. கணியன் பூங்குன்றனின் ஊர் மகிபாலன்பட்டிதான் என்கிறார்கள். காலும் படிப்பும் சரியாக வாய்க்காமல் தானே கற்றுப் பண்டிதமணி ஆன கதிரேசஞ் செட்டியாரின் ஊரும் அதே. 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தொடங்கியவர்களோடு அவரும் நின்றார். அடுத்த தடவை. ராயவரமும் பாக்கி, அழ. வள்ளியப்பாவின் ஊர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைந்த கதையை ஆச்சி நேற்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் சொன்னார், எனக்குப் பாதி கேட்கவில்லை.

காலை ஒன்பது மணிக்குச் சமையல்கார அக்கா வந்தார். கையில் பேரேட்டு நோட்டு. இந்த வாரம் அவர் முறை. வழக்கமாக ஆச்சிதான் எழுதிக் கொடுப்பார். "டீச்சருக்குக் கண்ணு செரியில்ல. நீங்க எழுதுங்க. நீங்கதேன் ஊருக்கெல்லாம் எழுதுனவுகளாமே."

இரண்டாங்கட்டில் தரையில் உட்கார்ந்தோம். நோட்டை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தேன். கவுண்டர் போலவே, ஆனால் நடுவில் கம்பி வலை இல்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"எங்க வீட்டுக்காரரு திருப்பூரு பனியன் கம்பெனில இருந்தாக. மாசம் பொறந்தா மணியாடரு. ஒரு தடவ ரெண்டு மாசம் வரல. தெருவுல எல்லாருக்கும் தெரியும் வரலன்னு. தண்ணிக்குப் போனா பேசிக்கிட்டிருக்குறவுக நிறுத்திருவாக. கடையில எண்ணெ கேட்டா எழுதிக்கிறேன்னு சொல்ல மாட்டாக, சும்மா பாப்பாக. மூணாவது மாசம் தபால்காரரு வந்தாரு. கைநாட்டு வச்சு வாங்குனேன். பிள்ளைக சோறு சோறுன்னுச்சுக. நான் மொதல்ல கடைக்குப் போயி கருவாடு வாங்குனேன். நெத்திலி இல்ல, பெரிய கருவாடு. வாசல்ல அடுப்பக் கூட்டி வச்சு, பொழுது சாயுறப்ப, எல்லாரும் திண்ணைக்கு வந்தப்புறம், கொழம்பு வச்சேன். கதவெல்லாம் தொறந்து வச்சேன். தெரு முழுக்க மணக்கணும். மணந்துச்சு."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், தன் பேச்சு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று.

உள்ளேயிருந்து ஆச்சி, "அப்புறம்?" என்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அப்புறமா? அதுக்கப்புறம் பக்கத்து வீட்டம்மா ஒரு கிண்ணத்த எடுத்துக்கிட்டு வந்துச்சு..." என்று ஆரம்பித்த அக்கா சட்டென்று நிறுத்தி, விரலால் தாளின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இன்னும் எடம் இருக்கா?"

பக்கத்தைத் திருப்பினேன்.